முன்பக்கத்து இரண்டு அறைகள்

வாசல் படலையின் கொளுக்கியில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் செல்வநாயகி அக்கா ஆட்களோடு கதைப்பார். கொளுக்கி கழன்றால் வந்தவருக்கு அறை உண்டு, கழலாவிட்டால் இல்லை. வெளியே பெட்டியோடு நிற்பவருக்கு இது தெரியாது. அவர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அக்காவின் முகம் எல்லோருக்கும் ஒரேமாதிரித்தான் சிரிக்கும்.

"வாங்கோ, வாங்கோ. எவடத்திலையிருந்து வாறியள்?"

"கொழும்பிலையிருந்து, அக்கா."

"அது உத்தியோகம் பாக்கிற இடம். நான் கேட்டது ஊர்."

"கோப்பாய்."

"அட, கோப்பாயோ! கோப்பாயிலை எந்தப் பக்கம்?"

பக்கத்தைச் சொன்னதும் ஒரு பெயர் வரும். "அப்ப கனகசபாபதி வாத்தியாரைத் தெரிஞ்சிருக்குமே. அவர் உங்களுக்கு என்ன முறை?" கேள்வி இவ்வளவுதான். இதற்குள் வந்தவரின் பாட்டன் பூட்டன் எல்லாரும் எழுந்து வந்து ஒழுங்கையில் வரிசையாக நின்றுவிடுவார்கள். அக்கா அவர்களை ஒரு கண்ணோட்டம் பார்ப்பார். பிறகு கொளுக்கி கழலும், அல்லது கழலாது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பினால் மூன்றாவது வளவு அக்காவுடையது. கணவர் தியாகலிங்கம் தென்னிலங்கை ஊர்களில் தபால் அதிபராக இருந்தவர். ஓய்வுக்கு வந்து வாழ்வதற்கென்று பெரிய வீடாகக் கட்டினார். ஓய்வு வரமுன் அவர் போய்விட்டார். ஒரே மகன் கொழும்போடு. அக்கா முன்பக்கத்து இரண்டு அறைகளையும் விறாந்தையின் பாதியையும் பலகை அடித்துப் பிரித்து, பக்கத்தில் ஒரு சிறு குசினியையும் இறக்கி, நாள்வாடகைக்கு விடத் தொடங்கினார். கல்யாணத்துக்கு வருபவர்கள், நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர்கள், கம்பஸில் நேர்முகத்துக்கு வருபவர்கள், பெரியாஸ்பத்திரியில் யாரையாவது படுக்க வைத்துவிட்டு ஆக்கிக் கொண்டுபோக அடுப்புத் தேடுபவர்கள். இரண்டு நாள், மூன்று நாள், மிஞ்சினால் ஒரு கிழமை. அதற்கு மேல் விட மாட்டார். "கனநாள் இருந்தினமெண்டால் வீட்டுக்காரர் மாதிரிக் கதைக்கத் துவங்கிவிடுவினம்" என்பார்.

கிணற்றுக்கு அப்பால் இருக்கும் சின்ன அறை மட்டும் இதற்கு விலக்கு. அதில் நான் இருக்கிறேன். சண்டிலிப்பாய், தெற்குப் பக்கம், இன்னாருக்கு இன்ன முறை என்று கொளுக்கிக்கு வெளியே நின்று ஒப்புவித்துத்தான் உள்ளே வந்தேன்.

ஹோட்டல் என்ற சொல்லை அக்கா மூக்கால்தான் சொல்வார். நகரத்துக்குள் அறை பார்த்துவிட்டு, இங்கேயும் ஒருக்கால் பார்ப்போம் என்று வருகிறவர்களிடம் அவருடைய கதையைக் கேட்க வேண்டும்.

"ஹோட்டலிலை பேரை எழுதிப்போட்டு ஆரும் படுக்கலாம். நீங்கள் தலை வைக்கப்போற தலகாணியிலை முந்தநாள் ஆர் தலை வைச்சவன்? அந்த மனேச்சருக்கே தெரியாது. இஞ்சை எண்டால் நான் சொல்லுவன். உந்தக் கட்டிலிலை கடைசியாப் படுத்தவர் கோட்டிலை வழக்குப் பேசுற அளவெட்டி அப்புக்காத்தர். குறட்டை எண்டால் பலகையெல்லாம் அதிரும். ஆனால் நல்ல இடத்து ஆள்."

"அங்கை ஃபான் இருக்குது எண்டு சொன்னவை, அக்கா."

"ஃபான் சாப்பாடு போடுமோ? ஹோட்டல் சாம்பாரிலை கரண்டியை விட்டுப் பாருங்கோ, அடியிலை கிடக்கிறது என்னெண்டு ஆக்கினவனுக்கே சந்தேகம். இஞ்சை தேங்காய் திருவத் திருவலை கிடக்கு, அம்மி கிடக்கு, முருங்கையிலை காய் கிடக்கு. உங்கடை மனிசி தன்ரை கையாலை ஆக்கித் தருவா. அவன் பேரைக் கேட்டிட்டு விட்டிடுவான் தம்பி. ஊரைக் கேக்கிறதுதான் வீடு."

சொன்னபடியே நடத்துவார், அதையும் சொல்ல வேண்டும். கொளுக்கி கழன்றவர்களுக்கு அது வாடகை வீடு என்பதே மறந்துபோகும். விடியும்போது குசினி வாசலில் பால் இருக்கும். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவருக்கு அக்காவே வாழையிலையை வாட்டிக் கட்டிக் கொடுப்பார். பரீட்சை என்றால் கோயில் திருநீறு வரும். போனவர்கள் மறந்துவிட்டுப் போன சாமான்களை ஓர் அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்: சீப்பு, குழந்தையின் ஒற்றைச் சப்பாத்து, வாசிக்கும் கண்ணாடி, ஒரு பொய்ப்பல் கட்டு. "உது மானிப்பாய்க்காரருடையது. பெண் கேட்டுப் போக வந்தவர். பல்லில்லாமல் என்னெண்டு கேட்டாரோ, பாவம்." யாரும் திரும்பி வந்து எதையும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் எடுத்துத் தூசு தட்டி, திரும்பவும் வைத்துப் பூட்டுவார்.

கொளுக்கி கழலாதவர்களிடம் அவர் காட்டும் அன்புதான் எனக்குப் பயம். ஒருநாள் பின்னேரம் ஓர் இளைஞர் வந்தார். புதிதாக ஆசிரியர் நியமனம் கிடைத்தவராம். தாய்க்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. நான்கு நாளைக்கு அடுப்போடு ஓர் இடம் வேண்டும். தாய் பின்னால் கண்ணுக்கு மேல் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றார். முதலாம் கேள்வி போயிற்று. இரண்டாம் கேள்வி போயிற்று. மூன்றாவதாக ஒரு பெயர் வந்ததும் இளைஞர் சிரித்துவிட்டார்.

"அக்கா, ஏன் ஊர் முழுக்கச் சுத்துறியள்? நேரா என்ன ஆக்களெண்டு கேளுங்கோவன். நானும் நேரா மறுமொழி சொல்லிப்போட்டுப் போறன்."

"ஐயோ தம்பி, நான் ஏன் உதெல்லாம் கேக்கிறன்? இந்தக் காலத்திலை ஆர் உதெல்லாம் பாக்கினம்? அறையைக் காலமைதான் குடுத்தனான். அம்மாவைப் பாக்கப் பாவமாக் கிடக்கு. நேரா டவுனுக்குப் போங்கோ, ஹோட்டல் நல்லது. கீழ் அறையாக் கேளுங்கோ. அம்மாவுக்குப் படியேறேலாது."

எந்த பஸ், எங்கே இறங்குவது, எந்தப் பக்கத்தால் நடந்தால் வெய்யில் படாது என்பதெல்லாம் சொன்னார். அவர் அன்று சொன்ன வழியில் ஒரு பிழையும் இல்லை. இளைஞர் பெட்டியைத் தூக்கினார். "வாங்கோ அம்மா. ஹோட்டல்காரன் ஊர் கேளான்" என்றார். முன்பக்கத்து இரண்டு அறைகளும் அன்று இரவு முழுவதும் வெறுமையாகக் கிடந்தன. அக்கா விறாந்தையில் இருந்து விசிறிக்கொண்டு, "நல்ல பெடியன். மரியாதையாக் கதைக்கிறான்" என்று இரண்டு தரம் சொன்னார்.

போன ஆண்டுத் திருவிழாவுக்குச் சில நாட்கள் இருந்தபோது அக்காவின் தமையன் முறையான கனகரத்தினம் சைக்கிளில் வந்தார். அக்கா முற்றத்தில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார்.

"தங்கச்சி, உன்ரை மோன் வாறானாம். பிள்ளையோடை. அவளும் வாறாவாம்."

"எவள்?"

"எவளெண்டால்? உனக்கு எத்தினை மருமோள்? மக்டலீன்."

"பேரை ஏன் கத்திறியள் அண்ணை? ஒழுங்கையிலை சனம் போகுது."

மகன் சண்முகநாதன் கொழும்பில் பதிவுத் திருமணம் செய்தது ஒழுங்கை முழுவதும் தெரிந்த செய்தி. மக்டலீன் அங்கே ஆஸ்பத்திரியில் தாதி. யாழ்ப்பாணத்துக் கடற்கரைப் பகுதியில், மாதா கோயிலுக்குப் போகும் வேதக்கார மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். அக்கா அவளைக் கண்டதில்லை. பேத்தி பிறந்து ஒன்றரை வருடமாகியும் பேத்தியையும் கண்டதில்லை.

"அவளின்ரை தாய் தேப்பனும் இப்ப மன்னார்ப் பக்கமெல்லோ. உவன் டவுனிலை ஹோட்டலிலை அறை எடுக்கப்போறானாம்" என்றார் கனகரத்தினம்.

அரிந்துகொண்டிருந்த கை நின்றது.

"ஹோட்டலோ? தாய்வீடு இஞ்சை கல்லுமாதிரி நிக்கேக்கை? ஊர்ச்சனமெல்லாம் வந்து படுத்துப்போற வீட்டிலை என்ரை பிள்ளைக்கு இடமில்லையோ? ஆரும் கேட்டால் காறித்துப்புவினம். வீட்டை வரச் சொல்லுங்கோ. மூண்டு பேரையும் வரச் சொல்லுங்கோ. எல்லாம் நான் ஒழுங்கு பண்ணிறன்."

மூன்று பேரையும் என்று அவர் சொன்னதைக் கனகரத்தினமே நம்பவில்லை. இன்னொரு தரம் கேட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார். மகனிடமிருந்து சம்மதம் வந்தது.

அதன்பின் அக்கா உட்கார்ந்து நான் காணவில்லை. முன்பக்கத்து அறைகளுக்கு வெள்ளையடித்தார். திருவிழாவுக்கு அறை கேட்டு வந்தவர்களை ஊரும் கேளாமல் திருப்பி அனுப்பினார். கேட்டிருந்தால் தேறியிருக்கக்கூடியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். புதுப் பாய் வந்தது. புதுத் தலையணைகள் வந்தன. இரவில் பணியாரத்துக்குப் பயத்தம்மா வறுக்கும் வாசம் கிணற்றைத் தாண்டி என் அறைவரை வந்தது. பேத்திக்கென்று நகைக்கடையில் ஒரு வெள்ளிக் கிண்ணம் செய்வித்தார். அதை என்னிடம் காட்டும்போது அவருடைய முகம் சிரித்தது. படலையில் சிரிக்கும் சிரிப்பல்ல, வேறு.

பிறகு ஒரு பீப்பாய் வந்தது. மூடியும் அகப்பையும் உள்ள புதுப் பீப்பாய். முன்குசினியின் வாசலில் அதை வைத்துத் தன் கையால் தண்ணீர் மொண்டு நிரப்பினார்.

"கைப்பிள்ளைக்காரி. கிணத்தடிக்கு அலையக்கூடாது" என்றார், நான் கேளாமலே.

முன்குசினித் தட்டில் ஒரு புதுச் சாப்பாட்டுக் கோப்பையும் தண்ணீர் குடிக்க ஒரு புதுப் பேணியும் இருந்தன. ஒன்றே ஒன்று. வெள்ளிக் கிண்ணம் உள்வீட்டில், சாமியறைக்குப் பக்கத்து மாடத்தில் இருந்தது. மகன் சின்ன வயதில் சாப்பிட்ட பித்தளைத் தட்டும் புளி போட்டு மினுக்கப்பட்டு அங்கேதான் இருந்தது. வஞ்சகம் என்று ஒன்றும் அக்காவின் மனதில் இல்லை. அவர் உண்மையாகவே எல்லாம் ஒழுங்கு பண்ணியிருந்தார். தன்னால் முடிந்த எல்லைவரை, ஓர் அங்குலம் குறையாமல், போயிருந்தார்.

யாழ்தேவி ரயிலில் வந்து இறங்கி வாடகைக் காரில் வந்தார்கள். நல்ல வெய்யில். கார்ச் சத்தம் கேட்டதும் அக்கா ஓடினார்; படலை முன்கூட்டியே விரியத் திறந்து கிடந்தது. மக்டலீன் இறங்கினாள். சாதாரண நூல்சேலை. நெற்றியில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு. இட்டுப் பழக்கமில்லாத கை இட்டது, கொஞ்சம் இடப்பக்கம் சரிந்திருந்தது. அக்கா பொட்டைப் பார்த்தார். பிறகு பிள்ளையை வாங்கினார். வாங்கிக் கன்னத்தில், கழுத்தில், உள்ளங்காலில் என்று கொஞ்சினார். பிள்ளை கூச்சத்தில் சிரித்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் தொடங்கியது.

சண்முகநாதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழைய பழக்கத்தில் உள்வீட்டு வாசலுக்கு நடந்தார்.

"மோனை, உங்கை இல்லை. இஞ்சாலை, முன்பக்கம். எல்லாம் வைச்சிருக்கிறன்."

அவர் திரும்பினார். வெள்ளையடித்த அறையைப் பார்த்தார். குசினிக்குள் எட்டிப் பார்த்தார். பீப்பாயின் மூடியைத் தூக்கி, உள்ளே தண்ணீரைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மூடினார். தட்டில் இருந்த ஒற்றைக் கோப்பையிலும் பேணியிலும் அவருடைய கண் நின்றது. அதற்குள் அக்கா இடுப்பில் சொருகியிருந்த முன்பக்கத்துப் பூட்டின் திறப்பை எடுத்து, வாடகைக்கு வருகிறவர்களிடம் நீட்டுவதுபோலவே, அவரிடம் நீட்டிவிட்டார்.

"எனக்கும் திறப்போ, அம்மா?"

"உனக்கில்லை மோனை... படலையடியிலை நிக்கிற பிள்ளைக்கு. அவ வசதியா இருக்கட்டும். நீ உள்ளை வா, உனக்கு ஆர் வேண்டாமெண்டது? நீயும் குஞ்சும் என்னோடை உள்ளை சாப்பிடலாம். அவவுக்கு இஞ்சை தனிக் குசினி. தண்ணி நான் மொண்டு விடுவன், அவ ஒண்டுக்கும் அசையத் தேவையில்லை. உள்ளை சாமியறை எல்லோ..."

வசனம் முடியவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. மக்டலீன் படலையடியிலேயே நின்றிருந்தாள். குரலை உயர்த்தாமல், "இஞ்சாருங்கோ, காரை நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்றாள். கார் ஒழுங்கை முனையில் திரும்புவதற்காக முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

"நில்லடா, பிள்ளைக்கு வெய்யில்! சாப்பாடு ஆக்கி வைச்சிருக்கு. சனம் பாக்குது" என்றார் அக்கா.

"அம்மா, இது நீங்கள் வாடகைக்கு விடுற வீடு. வாடகைக்கு இருக்கிறதெண்டால் நான் ஹோட்டலிலை இருக்கிறன். அங்கை மூண்டு பேருக்கும் ஒரு கதவு."

பிள்ளையை அக்காவின் தோளிலிருந்து அவர்தான் எடுக்க வேண்டியிருந்தது. அக்கா கொடுக்கவும் இல்லை, இழுத்துப் பிடிக்கவும் இல்லை. பிள்ளையின் விரல்கள் அக்காவின் சங்கிலியில் சிக்கியிருந்தன. ஒவ்வொரு விரலாக அவர் கழற்றும்வரை எல்லோரும் வெய்யிலில் நின்றோம்.

அடுத்த நாள் தொடக்கம் ஒழுங்கைக்கு ஒரு புதுக்கதை கேட்டது.

"கொழும்பிலை பழகின பெடியன். அவனுக்கு உள்ளுக்குள்ளையே குளிக்கிற அறை வேணும். இப்ப ஹோட்டலெல்லாம் முந்தி மாதிரியே? நல்ல வசதி. துப்புரவு. பிள்ளைக்குப் பாலும் சுடச்சுட மேலை கொண்டுபோய்க் குடுப்பினமாம்."

"அப்ப அந்தச் சாம்பார், செல்வநாயகி அக்கா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"உங்களுக்கென்ன, சாம்பாரோ இப்ப பிரச்சினை?"

வேலிக்கு அப்பால் சிரிப்பு. அக்கா உள்ளே போய்விட்டார். திருவிழா நடந்துகொண்டிருந்தது. அறை கேட்டு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். "ஆக்கள் இருக்கினம்" என்றே எல்லோருக்கும் சொன்னார். காலையில் எழுந்து பீப்பாய்த் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவார். மகன் ஒருநாள் தனியே வந்து, படலைக்கு வெளியே நின்று, நாளைக்குக் கொழும்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். கல்யாண வீட்டுக்குக் கட்டும் சேலை. கையில் பயத்தம் பணியாரப் பெட்டி. வெள்ளிக் கிண்ணம் துணியில் சுற்றியிருந்தது.

"தம்பி, உமக்கு அந்த ஹோட்டல் தெரியுமெல்லோ? ஒருக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போம்."

பஸ்ஸில் பெட்டியையும் கிண்ணத்தையும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். ஹோட்டல் வாசலில் செருப்பைக் கழற்றப் பார்த்தார், வேண்டாமென்று சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர், "ஆரைப் பாக்க வேணும், அம்மா?" என்றார். "என்ரை மோனை, சண்முகநாதனை" என்றார் அக்கா. அவர் மேலே கையைக் காட்டினார். வேறொன்றும் கேட்கவில்லை. அவர் இன்னும் ஏதோ கேட்பார் என்று அக்கா கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் படியேறினார்.

கதவைத் திறந்தவள் மக்டலீன். சண்முகநாதன் ரயிலுக்கு இடம் பதியப் போயிருந்தார். அவள் திகைத்தது ஒரு நொடிதான்.

"வாங்கோ மாமி. உள்ளுக்கு வாங்கோ."

ஒரே அறை. ஒரு கட்டில், பாதி கட்டிய பெட்டி, யன்னல் கம்பியில் காயும் பிள்ளையின் சட்டைகள். கதிரை ஒன்றுதான் இருந்தது. அதில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு அக்காவை இருத்தினாள். நான் வாசல் நிலையோடு நின்றுகொண்டேன். பிள்ளை பணியாரப் பெட்டியைக் கண்டு ஓடிவந்து அக்காவின் மடியில் ஏறியது. அக்கா கிண்ணத்தைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து அதன் கையில் கொடுத்தார். அது கிண்ணத்தைத் தொப்பிபோலத் தலையில் கவிழ்த்தது. மூன்று பேருமே சிரித்தோம்.

சுடுதண்ணீர்ப் போத்தலைத் திறந்து மக்டலீன் தேநீர் கலந்தாள். பால்மா, சாயம், சொட்டுச் சீனி. ஹோட்டலின் வெள்ளைக் கப்பைக் கழுவித் துடைத்து, அதில் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள்.

"சீனி குறைச்சுத்தான் போட்டனான், மாமி. உங்களுக்குச் சீனி வருத்தம் எண்டு அவர் சொன்னவர்."

அக்கா வாங்கிக்கொண்டார். மக்டலீன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவளுடைய கண்கள் கப்பில் இருந்தன. அக்கா கப்பை உதடுவரை கொண்டுபோனார். ஊதினார். ஆவி அவருடைய முகத்தில் பட்டுக் கலைந்தது. இன்னொரு தரம் ஊதினார். வீதியில் ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போகும்வரை ஊதிக்கொண்டேயிருந்தார்.

பிறகு கப்பை மெல்லச் சரித்துப் பிள்ளையின் வாயில் வைத்தார். "குடி, என்ரை குஞ்சு. குடி." பிள்ளை குடித்தது. ஒவ்வொரு வாய்க்கும் முன் அக்கா ஊதினார். ஒவ்வொரு வாயாக, அடிமண்டிவரை, கடைசிச் சொட்டும் போகும்வரை பருக்கினார். சேலைத் தலைப்பால் பிள்ளையின் வாயைத் துடைத்தார். எழுந்து, வெறும் கப்பை இரண்டு கையாலும் பிடித்து மக்டலீனிடம் நீட்டினார்.

"நல்ல தேத்தண்ணி, பிள்ளை."